மார்கரெட் கசின்ஸ் அம்மையார்

அயர்லாந்து நாட்டிலே பாயில் என்னும் சிற்றூரில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் மார்கரெட். இசை பயின்று பட்டம் பெற்ற அவர், 1903இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்சை மணந்தார். அந்நாளில் அந்நாட்டுப் பெண்டிர்க்கு நாடாளுமன்ற வாக்குரிமை இல்லை. அவ்வுரிமை வேண்டி அரசினர் மாளிகைச் சாளரங்களை உடைத்து, 1910இல் இலண்டனிலும் 1913இல் அயர்லாந்திலும் சிறை புகுந்தார். இசை மீட்டிய கை கல்லெடுத்தது என்றால், உற்ற குறை எத்துணைப் பெரிதாயிருத்தல் வேண்டும்!

1915இல் கணவருடன் இந்தியா வந்த அம்மையார், 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். அச்சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' என்னும் ஆங்கில இதழில் நாளடைவில் தமிழ்ப்பகுதியும் இடம்பெற்றது. இன்று அதனை அறிந்தார் மிகச் சிலரே. 1921இல் சென்னை மாகாணப் பெண்டிர், ஆடவர்க்குரிய அதே தகுதிகளின்படி வாக்குரிமை எய்தினர். சுதந்தர அயர்லாந்தின் மகளிர்க்கு அந்நிகருரிமை 1922இலேதான் கிட்டியது.

திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் அடங்கியிருந்த அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டையில், 1920களில் அவர் நீதிபதியாக அமர்ந்து வழக்குக் கேட்டார். 1932இல் அடக்குமுறைச் சட்டங்களைக் கண்டித்துப் பேசியமையால் தாமே ஓராண்டுத் தண்டனை பெற்று, வேலூர்ச் சிறை சென்றார். பின்னர் வாத நோயால் பல்லாண்டு நலிந்து, 1954 மார்ச்சு 11ஆம் நாள் அடையாற்றில் மறைந்தார்.