ரொட்டித் துணுக்குகள் சொன்ன சேதி! மாண்டிசோரி அம்மையார் கதை

ரோமாபுரியில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. 1890-களின் கடைசி. அங்கே ஓர் அறையில் சில குழந்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பைத்தியம் இல்லை. அறிவு வளர்ச்சி குன்றியவர்கள். அவ்வளவுதான். பள்ளிக்கூடம் அவர்களைச் சேர்க்காது. ஆகவே பைத்தியம் பிடித்த பெரியவர்களோடு அவர்களையும் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கும். காவல்காரிக்கு அது பெரிய அருவருப்பு. எவ்வளவு போட்டாலும் அடங்காத பேராசை என்று கரித்துக் கொட்டினாளாம்.

பார்வையிட வந்த இளம் பெண் டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்கள். ஒரு பொம்மை இல்லை. கையில் எடுக்க ஒரு குச்சிகூட இல்லை. தொட்டுப் பார்க்க அவர்களுக்கு அங்கே கிடைத்த ஒரே பொருள் அந்தத் துணுக்குகள்தான்! குழந்தைகளின் பசி என்னவென்று டாக்டருக்குப் புரிந்து விட்டது.

அவர்தான் மரியா மாண்டிசோரி.

பிணங்களோடு தனியே

1870 ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் உபாத்தியாயினி ஆகட்டும் என்றார் அவர். மகளோ டாக்டர் படிப்புக்குப் போனார். ஆண் மாணவர்களோடு நின்று ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பதா? கூடாது என்றார்கள். எல்லோரும் போன பிறகு, பிணங்களோடு தனியே இருந்து படித்தார். 1896-ல் பட்டம் பெற்றார்.

ஆஸ்பத்திரிக் குழந்தைகளைக் கண்ட பிறகு அவருக்கு வேறு நினைவே இல்லை. இட்டார், செகுவின் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கண், காது, கை வழியாகவே பாடம் சொல்லிப் பார்த்திருந்தார்கள். அந்தப் புத்தகங்களை ஆரம்பம் முதல் முடிவு வரை தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதினார். செகுவினின் நூல் மட்டும் 600 பக்கங்களுக்கு மேல்!

பாய் பின்னிய சிறுமி

1900-ல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. டாக்டர் மான்டெசானோவும் இவரும் அதன் தலைவர்கள். காலை 8 மணிக்கு வந்தால் இரவு 7 மணி வரை குழந்தைகளோடுதான்.

அங்கே 11 வயதுச் சிறுமி ஒருத்தி. கையில் பலம் இருந்தது. ஆனால் ஊசி பிடித்துத் தைக்க வரவில்லை. எத்தனை முறை காட்டியும் பயன் இல்லை. அம்மையார் ஊசியை வாங்கி வைத்து விட்டு, காகிதப் பட்டைகளைக் கொடுத்துப் பாய் பின்னச் சொன்னார். ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே. சிறுமி அதில் தேறினாள். பிறகு ஊசியைக் கொடுத்தால், அதுவும் அதே மேலும் கீழும்தானே! தைத்து விட்டாள். வேலையைச் செய்யச் சொல்லும் முன்பு, அந்த வேலைக்குக் கையைப் பழக்க வேண்டும். மாண்டிசோரி முறையின் ஆணிவேரே இதுதான். அதைக் கற்றுக் கொடுத்தவள் அந்தச் சிறுமி.

சில குழந்தைகளைச் சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளோடு அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்பினார். எழுத்திலும் வாசிப்பிலும் தேறினார்கள். ஊரே அதிசயம் என்றது. அம்மையாருக்கோ வேறு கவலை: இவர்களே இவ்வளவு செய்தால், நல்ல மூளை உள்ள பிள்ளைகள் ஏன் இந்த மட்டில் நிற்கிறார்கள்?

அந்தக் கேள்வி அவரை வேறு பாதையில் இழுத்தது. சொந்த வாழ்விலும் ஓர் அடி. மான்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் ஒரு மகன் பிறந்திருந்தான். திருமணம் நடக்கவில்லை. ஊர்வாய்க்குப் பயந்து, குழந்தை மரியோ கிராமத்தில் வளர்ந்தான். 1901-ல் அம்மையார் பள்ளியை விட்டு வெளியேறினார்.

சென்னையில்

1907 ஜனவரி 6-ந் தேதி ரோமின் ஏழைகள் வாழும் சான் லோரென்சோவில் குழந்தைகள் இல்லம் திறந்தார். பிறகு உலகப் புகழ். 1939-ல் அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் குதிக்கவே, மரியோ எதிரி நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் 70-வது பிறந்த நாளுக்குப் பரிசாக வைசிராய் அவரை விடுவித்தார்! சில காலம் கொடைக்கானலிலும் பள்ளி நடந்தது. 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நம் ஊர்களில் அவர் பெயரைத் தாங்கிய பலகைகள் ஏராளம். அந்த மரக்கட்டைகளும் பொத்தான் சட்டங்களும் முதலில் யாருக்காக வந்தவை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அம்மையாரும் முழுநேர வேலையாக அந்தக் குழந்தைகளிடம் திரும்பிப் போகவில்லை. அது ஒரு குறைதான்.

1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் காலமானார். 16 ஆண்டுகள் கழித்து, 1968-ல், ஜெர்மனியில் மியூனிச் நகரில் டாக்டர் ஹெல்புருகே ஒரு குழந்தைப் பள்ளி தொடங்கினார். ஊனமுற்ற குழந்தைகளும் மற்ற குழந்தைகளும் ஒரே அறையில், ஒரே பாயில் உட்கார்ந்து, அதே மாண்டிசோரி சாமான்களை எடுத்துக் கொண்டார்கள்.