தூக்குக் குண்டின் துணையால் நாட்டை அளந்தவர்: வில்லியம் லாம்டன்

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நேர் பார்ப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நூல் காட்டும் திசையே செங்குத்து என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, நமக்கும் இல்லை. அந்தக் குண்டு இழுபடும் திசையை எல்லா இடத்திலும் அப்படியே நம்பலாமா என்று கேட்டவர்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் தமிழகத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்தவர். அவர் அளந்த பெருங்கோடு நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வழியாகவே சென்றது. அப்பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

அவருக்கு முன் அறியப்பட்டவை

கனமான பொருள்கள் தமக்குரிய இடமாகிய உலகின் நடுவைத் தேடிச் செல்கின்றன என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கருதினார். பூமிக்கே இழுக்கும் ஆற்றல் உண்டு என்று 12-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டுப் பாஸ்கராச்சாரியார் தம் சித்தாந்த சிரோமணியில் எழுதினார். 1687-இல் ஐசக் நியூட்டன் அந்த இழுப்பை ஒரு விதியாக வகுத்தார். மரத்திலிருந்து விழும் பழத்தையும் வானில் சுற்றும் நிலவையும் இழுப்பது ஒரே ஆற்றல் என்றும், நிறையுள்ள ஒவ்வொரு பொருளும் மற்ற ஒவ்வொரு பொருளையும் இழுக்கிறது என்றும் அவர் காட்டினார்.

இவ்விதியிலிருந்து இரண்டு முடிவுகள் பிறந்தன. முதலாவது, தன்னைத் தானே சுற்றும் பூமி சரியான உருண்டையாக இருக்க முடியாது. நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு பெரிய மலையின் அருகே தொங்கும் குண்டு அம்மலையின் பக்கம் இம்மியளவு சாய வேண்டும். முதல் முடிவைச் சோதிக்கப் பிரெஞ்சு நாட்டார் 1735-இல் பெருவுக்கும் 1736-இல் லாப்லாந்துக்கும் அறிஞர்களை அனுப்பினர். நியூட்டன் கூறியதே சரி என்று தெரிந்தது. இரண்டாவதை 1774-இல் ஸ்காட்லாந்தின் ஷிகாலியன் மலையருகே மாஸ்கெலின் என்னும் வானியலார் அளந்து காட்டினார்.

இப்பணியில் நம் திருச்சபையின் துறவியருக்கும் பங்குண்டு என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். திருத்தந்தை 14-ஆம் ஆசீர்வாதப்பரின் காலத்தில், சேசு சபைக் குருக்களான போஸ்கோவிச், மேய்ர் ஆகிய இருவரும் 1750 முதல் 1752 வரை ரோமுக்கும் ரிமினிக்கும் இடைப்பட்ட நிலத்தை அளந்து பூமியின் வடிவை ஆராய்ந்தார்கள்.

இளமையும் படைவாழ்வும்

வில்லியம் லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், நார்த்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1750-களில் பிறந்தார். கணக்கில் கெட்டிக்காரராக இருந்தார். படையில் சேர்ந்து அமெரிக்கா சென்றவர், 1781-இல் யார்க்டவுன் போரில் சிறைப்பட்டார். விடுதலையான பின் கனடாவின் காட்டுப் பகுதிகளில் எல்லை அளக்கும் பணியில் ஈடுபட்டார். சூரிய கிரகணத்தைக் கண்டு ஆராய்ந்தபோது அவருடைய ஒரு கண்ணின் பார்வை கெட்டுப்போயிற்று. பிற்காலத்தில் பல்லாயிரம் முறை தொலைநோக்கியில் கண் பதித்தவருக்கு நல்ல பார்வையுடன் இருந்தது ஒரு கண்ணே என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

1790-களின் இறுதியில் தம் படைப்பிரிவுடன் இந்தியா வந்தார். 1799-இல் சீரங்கப்பட்டணத்துப் போரின்போது, ஓர் இரவில் ஜெனரல் பெயர்டின் படை வழி தவறிப் பகைவர் பாசறையை நோக்கிச் சென்றது. விண்மீன்களைப் பார்த்து அதை உணர்ந்து எடுத்துச் சொன்னவர் லாம்டனே. போர் முடிந்தவுடன், தீபகற்பத்தின் இரு கடற்கரைகளையும் முக்கோணங்களால் இணைத்து அளக்கும் திட்டத்தை அவர் அரசின் முன் வைத்தார்.

சங்கிலியும் கருவியும்

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னை பரங்கிமலையருகே பணி தொடங்கியது. 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு அளக்கப்பட்டது. வெயிலில் எஃகு நீளும் அன்றோ? ஆகையால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே நிழல் அமைத்து, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தனர். சங்கிலியை 400 முறை நீட்டி மடக்கிய அவ்வேலை முடிய 57 நாட்கள் ஆயின.

ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டு விடலாம் என்பது நம் வகுப்பறைப் பாடமே. அப்பாடத்தைக் கொண்டே லாம்டன் மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குத் தாவித் தாவி நாட்டை அளந்தார். கோணம் அளக்க அவர் வரவழைத்த தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. கடலில் வரும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அதைக் கைப்பற்றி மொரிஷியசுக்குக் கொண்டுபோயிற்று. அங்கிருந்த ஆளுநர், அறிவுப் பணிக்குரிய கருவி என்று அறிந்து, பகை நாட்டாருக்கே அதை மரியாதையுடன் திருப்பி அனுப்பி வைத்தார். போருக்கு நடுவிலும் இத்தகைய பெருந்தன்மை இருந்தது.

மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. வேறொருவராயின் மனம் உடைந்திருப்பார். லாம்டனோ கூடாரத்தில் தனித்திருந்து, ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து, வளைந்த பித்தளை வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்திச் சீர்செய்தார்.

நம் வட்டாரத்தின் வழியே

சேலம் வட்டாரம் 1792-லேயே கம்பெனியார் கைக்கு வந்துவிட்டது. அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ போன்றவர்கள் இங்கு வயல்களை அளந்தது தீர்வை விதிப்பதற்காக. லாம்டன் அளந்த பெருங்கோடோ வயல் வரப்பைப் பற்றியதன்று. பூமியின் வடிவத்தையே பற்றியது. அது ஏறத்தாழ 78 டிகிரித் தீர்க்கரேகையை ஒட்டி வடக்குத் தெற்காகச் சென்றது. நிலப்படத்தை விரித்துப் பாருங்கள்: அந்த ரேகை ஓமலூர்ப் பக்கமாக இறங்கி, சேலம் நகருக்குச் சற்று மேற்கே சென்று, திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் இடையே புகுந்து, பரமத்தி வேலூரை ஒட்டிக் காவிரியைக் கடக்கிறது.

பொதி சுமந்தவர்கள், கொடி பிடித்து மலையுச்சியில் நாள் கணக்கில் நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்கள் எல்லோரும் பெரும்பாலும் நம் நாட்டு எளிய மக்களே. அவர்கள் பெயர்கள் ஏடுகளில் ஏறவில்லை. கோபுரத்தின் மேல் தொலைநோக்கியைக் கண்ட ஊரார், வீட்டு முற்றங்களைப் பார்க்கிறார்களோ என்று ஐயுற்றதும் உண்டு. அந்நிய ஆட்சி வேரூன்ற இந்த அளவைகள் உதவின என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆட்சியின் நிதி அதிகாரிகளே இதை வீண் செலவு என்று எள்ளி நகையாடினார்கள். படை நடத்தவும் வரி வாங்கவும் இத்தனை நுட்பம் எதற்கு என்பது அவர்கள் வாதம்.

ஒத்துவராத கணக்கு

லாம்டனின் உள்ளத்தில் இருந்த கேள்வி இது: பூமியின் மேல் ஒரு டிகிரியின் நீளம் எவ்வளவு? நியூட்டன் கூறியபடி பூமி நடுவில் புடைத்திருந்தால், பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஒரு டிகிரியின் நீளம் குறைய வேண்டும். துருவத்தருகே அது சுமார் 111.7 கிலோமீட்டர், பூமத்திய ரேகையருகே சுமார் 110.6 கிலோமீட்டர். முழு வேறுபாடே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான்.

இதை அறிய, நிலத்தின் தூரத்தை முக்கோணங்களால் அளந்தால் மட்டும் போதாது. கோட்டின் இரு முனைகளிலும் நின்று, ஒரே விண்மீன் தலைக்கு நேர் மேலிருந்து எத்தனை கோணம் விலகியுள்ளது என்றும் காண வேண்டும். தலைக்கு நேர் மேல் எது என்று சொல்வது யார்? தூக்குக் குண்டுதான். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. குண்டு ஒரே ஒரு விகலை சாய்ந்தாலும் நிலத்தில் ஏறத்தாழ 31 மீட்டர் பிழை வந்துவிடும்.

பெங்களூர் அருகே ஒரு நிலையத்தையும் கோயம்புத்தூர் அருகே ஒரு நிலையத்தையும் கொண்டு கணக்கிட்டபோது விடை ஒத்துவரவில்லை. தெற்கே வரவரக் குறைய வேண்டிய நீளம் அவ்வாறு குறையவில்லை. லாம்டன் அளந்ததை மீண்டும் சரிபார்த்தார். கோட்டைக் கன்னியாகுமரிப் பக்கம் வரை நீட்டினார். புதிய அடிக்கோடுகளை அளந்தார். இறுதியில், பெங்களூர் அருகே தூக்குக் குண்டே விலகியிருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் மலை அங்கு இல்லாததால் நிலத்துக்கு அடியில் அடர்த்தி மிக்க ஏதோ ஒன்று அதை இழுத்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

கஞ்சமலையின் இரும்புத் தாதுவை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. கனமான தாது அடியில் இருந்தால் இழுப்பு சற்று மிகும்; இலேசான பாறை இருந்தால் குறையும். இன்று மண்ணைத் தோண்டாமலே தாது தேடுவோர் புவியீர்ப்பு அளவியைக் கையாள்வது இந்த அடிப்படையில்தான்.

லாம்டன் நினைத்திருந்தால் அந்தச் சிறு வேறுபாட்டைப் பிழை என்று ஒதுக்கி, விடையைப் புத்தகத்துக்கு ஏற்பத் திருத்தியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஒத்துவராததை ஒத்துவராதது என்றே எழுதி வைத்தார்.

அவருக்குப் பின்

1817-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818-இல் அவர் பணிக்கு மாபெரும் முக்கோண அளவைத் துறை என்னும் பெயர் கிடைத்தது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளைஞர் உதவியாளராக வந்தார். ஏறத்தாழ எழுபது வயதில், ஐதராபாத்திலிருந்து நாகபுரி நோக்கிப் போகும் வழியில், 1823 ஜனவரியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் உயிர் நீத்தார். அவர் கல்லறை அங்கேயே உள்ளது. உதவியாளரின் பெயரை உலகின் மிக உயர்ந்த சிகரம் 1865 முதல் தாங்கி நிற்கிறது. ஆசிரியரின் பெயரைத் தாங்கிய மலை எதையும் நாம் அறியோம்.

லாம்டனின் அளவுகளிலும் குறைகள் இருந்தன. எவரெஸ்ட் ஒரு பகுதியைப் புதுக் கருவிகளால் மீண்டும் அளந்து, 1841-க்குள் கோட்டை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். அங்கும் குண்டு புதிர் போட்டது. இமயமலையின் பருமனைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 15 விகலை வேறுபாட்டை உண்டாக்க வேண்டும் என்று 1850-களில் கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன் பிராட் கண்டார். உண்மையில் காணப்பட்டதோ 5 விகலையே! இவ்வளவு பெரிய மலை ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது? மலைக்கு அடியில் இலேசான பாறை ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்று ஏரி என்னும் வானியலார் 1855-இல் விடை கூறினார். மலையின் நிறையை அடியிலுள்ள குறைவு ஈடுசெய்யலாம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே சேசு சபைக் குரு போஸ்கோவிச் எழுதியிருந்தது இங்கே நினைக்கத்தக்கது.

1915-இல் ஐன்ஸ்டைன் புவியீர்ப்பையே புதிய கண்ணால் பார்க்கச் செய்தார். பொருள்கள் தம்மைச் சூழ்ந்த இடத்தையும் காலத்தையும் வளைப்பதே ஈர்ப்பு என்றார். இன்று செயற்கைக் கோள்கள் வானிலிருந்து பூமியின் இழுப்பை அளந்து படம் வரைகின்றன. அப்படத்தில் மிகப் பெரிய பள்ளம் எங்குள்ளது தெரியுமா? நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே, இந்துமாக்கடலில்! அங்கு ஈர்ப்பு குறைந்திருப்பதால், கணக்கில் கொள்ளும் சீரான வடிவத்தைவிடக் கடல்மட்டம் ஏறத்தாழ 100 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஆயினும் கப்பலில் செல்பவர் எவரும் பள்ளத்தில் இறங்குவதாக உணர்வதில்லை. ஏனெனில் அங்கும் தூக்குக் குண்டு நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகவே தொங்குகிறது.

நாம் கற்பது

அன்பு மாணவியரே! ஆய்வுக்கூடத்தில் ஊசல் ஆடும் நேரத்தைக் குறித்து நீங்கள் கணக்கிடுகிறீர்கள். விடை 9.8 என்று வரவேண்டும் என்பது முன்பே தெரியும். 9.3 என்று வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்துத் தோழியின் ஏட்டைப் பார்த்து எண்ணை மாற்றிக்கொள்ளும் ஆசை எழுவது இயல்பு. அப்போது வெயிலிலும் காய்ச்சலிலும் இருபது ஆண்டுகள் அலைந்த இம்மனிதரை எண்ணிக்கொள்ளுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள், நூலின் நீளத்தைச் சோதியுங்கள், பிறகும் 9.3 என்றே வந்தால் அதையே துணிந்து எழுதுங்கள். பெற்றோரும் ஆசிரியரும் அத்தகைய ஏட்டுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இறைவன் தம் படைப்பில் எழுதி வைத்திருப்பதை உள்ளபடி படிப்பதும் ஒருவகை வழிபாடே. அவ்வழிபாட்டுக்கு வேண்டியது கூரிய அறிவு மட்டுமன்று. கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மையும் ஆகும். இவ்விரண்டையும் நம் மாணவியர் யாவரும் பெற்றுச் சிறக்க இறைவன் அருள்வாராக!