மிட்டாய்க்காரர் கட்டிய விமானம்

சென்ற கிழமை சிதம்பரத்திலே கூட்டம். பேசி முடித்துவிட்டு, இரவு, கடலூர் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். உடன் நின்ற தோழர் கடலூர் முதுநகரில் லேத்துப் பட்டறைத் தொழிலாளி. மீன்பிடிப் படகின் இயந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டக் கூடியவர். தலைக்கு மேலே ஒரு விமானம் விளக்கை மினுக்கிக்கொண்டு சென்றது. அதை அண்ணாந்து பார்த்தபடியே நம்மிடம் ஒரு கேள்வி போட்டார்: பெரியது வேண்டாம், ஒருவர் இருவர் ஏறும் சிறியது, அதை ஒரு மனிதன் தன் வீட்டுக் கொல்லையிலே, தன் கைக்காசிலே கட்டிவிட முடியுமா என்று. வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. கேட்டவர் முகத்தைப் பார்த்தோம். பல நாளாக உள்ளே கிடந்த கேள்வி அது.

பஸ் வந்துவிட்டது. பதிலைப் பாதியிலே விட்டோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

முடியும், தோழரே! ஒருவர் கட்டினார். எங்கோ அமெரிக்காவிலே, ஜெர்மனியிலே என்று எண்ணிவிட வேண்டாம். நமது சென்னையிலே கட்டினார். பல்லாவரத்திலே பறக்கவிட்டார். ஆண்டு 1910. மாதம் மார்ச்.

அவர் பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். மாவீரன் நெப்போலியன் பிறந்த கோர்சிகாத் தீவுக்காரர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே பிழைப்புத் தேடிச் சென்னை வந்தவர். வந்தவர் கையிலே துப்பாக்கி இல்லை, தராசும் இல்லை. இருந்தது சமையற்கரண்டி! மிட்டாயும் கேக்கும் ரொட்டியும் செய்து விற்றார். கவர்னர் மாளிகை விருந்துக்கும் அவர் கைப்பண்டம் போயிற்று. கடை வளர்ந்தது. மவுண்ட் ரோட்டிலே, இன்று நாம் அண்ணா சாலை என்றழைக்கும் அதே சாலையிலே, அவர் பெயராலேயே ஓர் ஓட்டல் எழுந்தது. அந்நாளில் தென்னாட்டில் பேர்பெற்ற ஓட்டல்களிலே அதுவும் ஒன்று. வெள்ளைக்காரத் துரைமார் தங்கிய இடம். பின்னாளில் போசோட்டோ ஓட்டல் என்று பெயர் மாறிற்று. 1910-லே சென்னைப் பட்டினத்தில் டி ஏஞ்சலிஸ் என்றால் தெரியாதவர் இலர். இன்று கேட்டுப் பாருங்கள், பத்தாயிரம் பேரில் ஒருவர் சொன்னால் அதிகம்.

இவர் ஏழைத் தொழிலாளி அல்லர், ஓட்டல் முதலாளி. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல நாம் விரும்பவில்லை. ஆனால் அவர் அரசரும் அல்லர், அரசாங்கமும் அல்லர். பொறியியல் கல்லூரியிலே பட்டம் பெற்றவரும் அல்லர். அரசாங்கங்கள் கஜானாவைத் திறந்துவிட்டும் செய்ய முடியாமல் திண்டாடிய காரியத்தை, அடுப்படியிலே கைப்பழக்கம் பெற்ற ஒரு மனிதர் எடுத்துக்கொண்டார் என்பதுதான் இங்கே சேதி.

எப்படி வந்தது அந்த ஆசை? 1909 ஜூலை 25-ஆம் நாள். பிரான்சு நாட்டு லூயி பிளேரியோ, கலே கரையிலிருந்து கிளம்பி, இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டி, டோவரிலே இறங்கினார். ஏறத்தாழ 37 நிமிடம். அவர் விமானத்தின் இயந்திரம் 25 குதிரைச் சக்தி. இன்று நம் ஊர்ச் சாலையிலே ஓடும் சின்னக் கார்கள் பலவற்றின் சக்தி அதைவிட இரண்டு மடங்குக்கு மேல்! பிளேரியோ மோட்டார் வண்டிகளுக்கு விளக்கு செய்து விற்றுப் பணம் சேர்த்தவர். சேர்த்ததையெல்லாம் விமானத்திலே கொட்டி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் காலிலே தீப்புண்ணோடு ஏறிப் பறந்தவர். அந்தச் செய்தி உலகெங்கும் பரவிற்று. சென்னைக்கும் வந்தது. எத்தனையோ பேர் படித்தார்கள், வியந்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், ஏட்டை மடித்து வைத்தார்கள். டி ஏஞ்சலிஸ் காகிதத்தை எடுத்துப் படம் போட உட்கார்ந்தார்.

என்ன படம்? இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட விமானம். விமானம் என்றதும் இன்று நமக்கு மினுமினுக்கும் அலுமினியப் பறவை நினைவுக்கு வருகிறது. அன்று விமானம் என்றால் மரம், துணி, கம்பி! இறக்கைக்கு இலேசான மரத்திலே விலா எலும்பு போலச் சட்டங்கள். அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. சட்டம் வளையாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் எஃகுக் கம்பி. நடுவிலே பெட்ரோல் இயந்திரம். அது சுழற்றும் மரச் சுழல்விசிறி. கடலூர் முதுநகரிலே படகு கட்டும் தச்சரைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? முதுகெலும்பு போட்டு, விலாச் சட்டம் வைத்து, பலகை அடிக்கிறாரே, அவருக்கு இந்த வேலை அன்னியம் அல்ல. பலகைக்குப் பதில் துணி. ஆகவே பாய் தைப்பவரும் வேண்டும். கம்பியை முறுக்க ஒரு கொல்லர். இயந்திரத்துக்கு ஒரு மெக்கானிக். நான்கு தொழிலாளியின் கை சேர்ந்தால் விமானம்.

சரி, கட்டிவிட்டால் பறக்குமா? அங்கேதான் அறிவு வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையிலே சிறுவன் விடும் பட்டம் ஏன் எழும்புகிறது? காற்றுக்குச் சற்றே சாய்ந்து நிற்பதால். அதையே அகலமாக்கி, மேற்புறம் வளைவாக்கி, காற்று வந்து மோதும்வரை காத்திராமல் காற்றுக்குள் நாமே விரைந்து போனால், எடை தூக்கும் சக்தி பிறக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சக்தி நான்கு மடங்கு. ஆனால் இயந்திரம் கனமானால் அது கொடுக்கும் விசையை அதன் எடையே விழுங்கிவிடும். குறைந்த எடையில் நிறைந்த விசை: இந்த ஒரு கணக்கிலே தோற்றவர்கள்தாம் எத்தனை பேர்! இன்னொரு கணக்கும் உண்டு. எழும்பினால் போதாது, காற்று ஒருபக்கம் தள்ளும்போது நிமிர்த்திப் பிடிக்கத் தெரிய வேண்டும். ஜெர்மானியர் ஓட்டோ லிலியெந்தால், இயந்திரமில்லாத இறக்கையோடு மேட்டிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை மிதந்தவர், 1896-லே காற்றின் ஒரு மோதலிலே விழுந்து மாண்டார்.

இந்த இரண்டு கணக்கையும் முதலிலே சரியாகப் போட்டவர்கள் வில்பர், ஆர்வில் என்ற ரைட் சகோதரர்கள். டேட்டன் நகரிலே சைக்கிள் கடைக்காரர்கள்! கல்லூரி வாசல் மிதியாதவர்கள். 1903 டிசம்பர் 17-ஆம் நாள், முதல் தடவை 12 வினாடி, 120 அடி. அன்றே நான்காவது தடவை 59 வினாடி, 852 அடி. அவர்களுக்கு ஆன மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதே ஆண்டு, அதே நாட்டிலே, லாங்லி என்ற பேராசிரியருக்கு அமெரிக்க யுத்த இலாகா 50,000 டாலர் கொடுத்திருந்தது. அவர் விமானம் அக்டோபரிலே ஒரு முறை, டிசம்பரிலே ஒரு முறை, நேரே பொடோமாக் ஆற்றிலே போய் விழுந்தது!

ரைட் சகோதரர்களின் பெயர் உலகுக்குத் தெரியும். அந்த விமானத்தின் 12 குதிரைச் சக்தி இயந்திரத்தைச் செய்தவர் யார்? சார்லி டெய்லர் என்ற கூலித் தொழிலாளி. சைக்கிள் கடையிலே வேலை பார்த்தவர். வரைபடம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லாமல், ஒரு லேத்தையும் ஒரு துளைபோடும் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு, ஆறே வாரத்திலே செய்து கொடுத்தார். முதுமையிலே அவர் கலிபோர்னியாவிலே தரும ஆஸ்பத்திரிப் படுக்கையிலே கிடந்தார். 1955-லே அது வெளியே தெரிந்த பிறகுதான் விமானத் தொழிலைச் சேர்ந்தவர்கள் ஓடி வந்து வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் இறந்தார்.

சென்னைக்குத் திரும்புவோம். படம் போட்டாயிற்று. யார் கட்டுவது? மவுண்ட் ரோட்டிலேயே இருந்தது சிம்ப்சன் கம்பெனி. 1840-லே தோன்றியது. சீமான்களுக்குக் குதிரை வண்டி செய்து கொடுத்த பட்டறை. 1903-லே நீராவியால் ஓடும் வண்டி ஒன்றை சாமுவேல் ஜான் கிரீன் கட்டி ஓட்டியதும் அந்தப் பட்டறையிலேதான். மரத்தை வளைக்கத் தெரிந்த தச்சர், இரும்பைக் காய்ச்சத் தெரிந்த கொல்லர், மெத்தை தைக்கத் தெரிந்த தையற்காரர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ்! விமானம் கட்ட வேறென்ன வேண்டும்? டி ஏஞ்சலிஸ் தம் படத்தை அங்கே கொடுத்தார். கட்டினார்கள். சின்ன இயந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. பல்லாவரத்துக்குக் கொண்டு போனார்கள். பறந்தது.

பறந்ததோடு அவர் நிற்கவில்லை. தீவுத்திடலிலே, கட்டணம் வைத்து, மக்கள் முன்னே காட்டினார். ஓட்டல் நடத்தியவர் அல்லவா, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கும் வழி தெரியாமற் போகுமா! கூட்டத்திலே நின்ற ஒரு சிறுவனைத் தம்மோடு ஏற்றிக்கொண்டார் என்பது சென்னை வரலாற்றுக் குறிப்புகளிலே காணும் செய்தி. அந்தச் சிறுவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, அவள் நம்பியிருப்பாளா?

ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் புஷ்பக விமானத்தின் கதை கேளாத காது இல்லை. இன்றைக்கும் ஏதாவதொரு மேடையிலே, விமானம் நம்மவர்க்குப் பழசு என்று முழங்குகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டும் வைமானிக சாஸ்திரம் என்ற நூலை, 1974-லே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்கள் எடுத்து ஆராய்ந்தார்கள். அதிலே வரைந்துள்ளவை பறக்கத் தகாதவை என்றார்கள். நூலும் பழையதன்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே எழுதப்பட்டது என்றும் கண்டு சொன்னார்கள். எண்ணிப் பாருங்கள்! ஒரு பக்கம், பறக்காத விமானத்துக்குச் சுலோகம் எழுதப்பட்ட காலம். அதே காலத்தில், மவுண்ட் ரோட்டுப் பட்டறையிலே, நம்மவர் கை பறக்கும் விமானத்துக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அதே 1910 மார்ச்சிலே, கடலிலே கப்பல் விட்ட தமிழர் வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையிலே அடைபட்டுக் கிடந்தார். கோர்சிகாக்காரர் வானத்திலே இயந்திரம் விட்டபோது கைதட்டிய துரைத்தனம், தூத்துக்குடிக்காரர் கடலிலே இயந்திரம் விட்டபோது செக்கிலே பூட்டியது. டி ஏஞ்சலிஸ் மீது இதனால் குற்றமில்லை. ஆனால் யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று ஒரு கோடு அந்நாளிலே கிழிக்கப்பட்டிருந்தது. அதை மறந்துவிட்டு அந்த ஆண்டைப் பற்றி நம்மால் எழுத முடியாது.

பிறகு நடந்தது என்ன? அந்த ஆண்டு டிசம்பரிலே அலகாபாத்தில் வெளிநாட்டு விமானங்கள் வந்து பறந்தன. 1911 பிப்ரவரி 18-ஆம் நாள் அங்கிருந்து ஆன்றி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை நைனிக்கு விமானத்திலே கொண்டு போனார். உலகின் முதல் விமான அஞ்சல், பெருமைக்குரியது, மறுக்கவில்லை. 2011-லே அதற்கு நூற்றாண்டு விழா, அஞ்சல்தலை எல்லாம்! பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் இந்திய விமானக் கதையை அலகாபாத்திலிருந்துதான் தொடங்குகிறான். ஏறத்தாழ 11 மாதம் முன்னதாகப் பல்லாவரத்திலே, கடல் கடந்து பெட்டியிலே வந்து இறங்காத, சென்னையிலேயே கட்டப்பட்ட விமானம் எழும்பியது அவன் பாடத்திலே ஏன் இல்லை? இத்தனைக்கும் அந்தப் பல்லாவரத்தை ஒட்டித்தான் மீனம்பாக்கம் விமான நிலையம். நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அந்த மண்ணின் மேலே பறக்கிறார்கள்.

பாடநூலிலே டி ஏஞ்சலிஸ் பெயராவது ஒருநாள் ஏறிவிடலாம். அந்தச் சட்டத்தை இழைத்த தச்சர்? துணியை இழுத்துத் தைத்தவர்? நாம் படித்த குறிப்புகளிலே எல்லாம் ஓட்டல்காரர் பெயர் இருக்கிறது, கம்பெனியின் பெயர் இருக்கிறது, தொழிலாளி ஒருவரின் பெயரும் இல்லை. சார்லி டெய்லருக்குத் தரும ஆஸ்பத்திரியாவது கிடைத்தது, பெயராவது மிஞ்சிற்று.

இனி நம் கடலூர்த் தோழரின் கேள்விக்கு. பிரேசில் நாட்டு சாந்தோஸ் துமோன் தம் குட்டி விமானத்துக்கு உரிமைக் காசு கேட்கவில்லை. அதன் வரைபடம் 1910-லேயே அமெரிக்கப் பத்திரிகையில் அச்சாகி, கண்டவரெல்லாம் கட்டும்படி பொதுச் சொத்தாயிற்று. அண்மையிலே, பக்கத்துக் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், காது கேளாத, வாய் பேசாத, ஏழாவது வகுப்போடு நின்ற ஒரு மெக்கானிக், பழைய சாமான்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, ஓர் இலேசு விமானம் கட்டிப் பறக்கவிட்டார். ஆகவே கைக்குத் தடையில்லை. பணமும் ஒரே நாளில் வேண்டியதில்லை. இறக்கைக்கு ஓராண்டு, உடலுக்கு ஓராண்டு, இயந்திரத்துக்கு ஓராண்டு என்று கட்டலாம். ஆனால் ஆறடி நீளத்திலே மாதிரி ஒன்று செய்து, மணல்மூட்டை கட்டி, அது எந்த எடைக்கு ஒடிகிறது என்று பார்க்காமல் முழு அளவில் தொடங்க வேண்டாம். லிலியெந்தாலை மறக்க வேண்டாம். ஓட்டக் கற்றுக்கொள்ளாமல் ஏறவும் வேண்டாம்.

கட்டி முடித்தாலும் எண்ணம்போல எழும்பிவிட முடியாது. சிவில் விமானத்துறைத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் பறப்பது சட்டப்படி குற்றம். டி ஏஞ்சலிஸ் காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. இயக்குநரகத்தின் தலைமையிடம் டில்லியிலே இருக்கிறது. தோழர் விலாசம் கேட்டிருக்கிறார், எழுதி அனுப்பியிருக்கிறோம்.