தசை எலும்பாக மாறும் நோய்: ஹாரி ஈஸ்ட்லாக்கின் வாழ்க்கை

பிறந்த குழந்தையின் கால் பெருவிரல்கள் இரண்டும் குட்டையாகவும் உள்நோக்கி வளைந்தும் இருப்பின், அதனை வெறும் உருவக் குறையென விட்டுவிடாதீர்கள். தசையும் தசைநாரும் சிறிது சிறிதாக எலும்பாக மாறும் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோகிரெசிவா என்னும் அரிய நோய்க்கு அது முதல் அடையாளமாக இருக்கலாம். 10 முதல் 20 இலட்சம் பேரில் ஒருவருக்கே வரும் நோய் இது. இந்நோயுடன் வாழ்ந்தோருள் உலகம் நன்கறிந்தவர் ஹாரி ஈஸ்ட்லாக். அவருடைய வாழ்க்கையை அறிந்தால், இந்நோயுள்ள குழந்தைக்கு எவற்றையெல்லாம் செய்யலாகாது என்பது உங்களுக்கு விளங்கும்.

ஹாரி 1933ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். சிறு வயதில் விளையாடும்போது அவரது இடது கால் முறிந்தது. முறிவு சரிவரக் கூடவில்லை; இடுப்பும் முழங்காலும் விறைத்தன; தொடைத் தசைக்குள் எலும்பு படர்ந்தது. மருத்துவர்கள் அதனை வெட்டியெடுத்தனர். முன்னைவிடத் தடித்து அது மீண்டும் வளர்ந்தது. இவ்வாறு 11 அறுவை சிகிச்சைகள் நடந்தன. அம்மருத்துவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கட்டியைக் கண்டால் அகற்றுவதே மருத்துவ வழக்கம். இந்நோயிலோ ஒவ்வொரு வெட்டும் புதிய எலும்புக்கு வித்தாகிறது.

வளர வளர அவரது முதுகெலும்பு ஒரே தண்டாக இறுகியது. பின்னர் தாடையும் பூட்டிக்கொண்டது. இறுதிக் காலத்தில் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. இதயம், நாக்கு, கண் தசைகள், உதரவிதானம் ஆகியவற்றை இந்நோய் தொடுவதில்லை. ஆயினும் விலாக்கூடு இறுகுவதால் மூச்சு ஆழமாக இழுக்க இயலாது, சளிக்காய்ச்சல்கூட ஆபத்தாகும். 1973 நவம்பரில், 40ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருக்க, நிமோனியாவால் ஹாரி காலமானார்.

நேரில் ஒருமுறையும் சந்திக்காத நோயாளிகளுக்காக, இறப்பதற்கு முன் தம் உடலை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுத்துச் சென்றார். அவரது எலும்புக்கூடு ஃபிலடெல்ஃபியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளது. பொதுவாக எலும்புக்கூட்டைக் கம்பியால் கோத்தே நிறுத்துவர். ஹாரியின் எலும்புகளோ பெரும்பாலும் தாமே ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன. ஆய்வாளர்கள் இன்றும் அதனிடம் பாடம் கற்கின்றனர். அதே நகரின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ஏ.சி.வி.ஆர்.1 என்னும் மரபணுவின் மாற்றமே இந்நோய்க்குக் காரணமெனக் கண்டறிந்தனர். பெரும்பாலோருக்கு இம்மாற்றம் புதிதாக நேர்கிறது. பெற்றோர் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. எனினும் நோயுள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு.

உத்தனப்பள்ளி, இராயக்கோட்டை, சூளகிரிப் பகுதிகளில் வாழும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருவிரல் குறையுள்ள குழந்தையின் கழுத்திலோ முதுகிலோ திடீரென வீக்கம் தோன்றினால் எண்ணெயிட்டு அழுத்தி உருவாதீர்கள். கட்டுப் போடும் வைத்தியரிடம் கொண்டுசெல்லாதீர்கள். இவ்வீக்கத்தைப் புற்றுநோய்க் கட்டியெனக் கருதிச் சதை எடுத்துச் சோதிக்கும் நிலை பலருக்கு நேர்ந்துள்ளது. அதற்கு இசையும் முன் பெருவிரல்களை மருத்துவரிடம் காட்டுங்கள். தசையில் போடும் ஊசியும் தவிர்க்கத்தக்கதே. தடுப்பூசிகளை நிறுத்திவிடாமல், தோலுக்கடியில் போட இயலுமா என மருத்துவரிடம் கேளுங்கள். பல் மருத்துவரிடமும் நோயை முன்கூட்டியே கூறுங்கள். வாயை மிகையாக விரித்தாலும், தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டாலும் தாடை பூட்டிக்கொள்ளக்கூடும்.

வீக்கம் தொடங்கிய உடனேயே மருத்துவரை அணுகினால், குறுகிய காலத்திற்கு ஸ்டீராய்டு மருந்து தேவையா என அவர் முடிவு செய்வார். புதிய எலும்பு வளர்ச்சியைக் குறைக்கும் பாலோவரோட்டின் மாத்திரைக்குக் கனடா 2022இலும் அமெரிக்கா 2023இலும் ஒப்புதல் அளித்துள்ளன. முன்னரே வளர்ந்த எலும்பை அது கரைக்காது. வளரும் குழந்தைகளின் எலும்பு நுனிகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் அபாயம் அதில் உண்டு. ஆகவே சிறு குழந்தைகளுக்கு அது தரப்படுவதில்லை. உறுதிசெய்யும் மரபணுச் சோதனைக்கு இரத்தம் போதும். அதனை நரம்பிலிருந்து கவனமாக எடுக்கலாம்.