லீலா ராவ் தயாள்

லீலா ராவ் தயாள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புகழ்பெற்று விளங்கிய இந்திய டென்னிஸ் வீராங்கனையும் எழுத்தாளரும் ஆவார். விம்பிள்டன் போட்டியில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் இவரே. இவ்வெற்றி 1934ஆம் ஆண்டில் கிட்டியது. அகில இந்தியப் போட்டிகளில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்ற இவர், பரதநாட்டியம், மணிப்புரி ஆகிய ஆடற்கலைகள் பற்றி ஆங்கிலத்தில் நூல்களும், சமசுகிருதத்தில் நாடகங்களும் எழுதியுள்ளார்.

பிறப்பும் குடும்பமும்

லீலா 1911 டிசம்பர் 19 அன்று பம்பாயில் (இன்றைய மும்பை) பிறந்தார். தந்தை ராகவேந்திர ராவ் ஒரு மருத்துவர். தாய் பண்டித க்ஷமா ராவ் (1890–1954) சமசுகிருதக் கவிஞர். க்ஷமாவின் தந்தை சங்கர் பாண்டுரங்க பண்டிதர், அதர்வ வேதத்தைச் சாயனரின் உரையுடன் பதிப்பித்த அறிஞர். அவர் 1894இல் காலமானபோது க்ஷமா சிறு குழந்தையாக இருந்தார்.

க்ஷமா ராவ் காந்தியடிகளின் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு சத்தியாக்கிரக கீதை என்னும் காவியத்தை இயற்றினார். பகவத் கீதையைப் போன்று பதினெட்டு அத்தியாயங்கள் கொண்ட இந்நூல் 1932இல் பாரிசு நகரில் வெளியானது. இவர் டென்னிஸ் ஆட்டத்திலும் தேர்ந்தவர். 1920களில் பம்பாயில் நடைபெற்ற போட்டிகளில் பட்டம் வென்றுள்ளார். எனவே லீலாவுக்கு விளையாட்டு, எழுத்து ஆகிய இரண்டும் தாய்வழியே வந்தவை எனலாம்.

அக்காலத்து டென்னிஸ்

விம்பிள்டன் போட்டிகள் 1877இலும், அதில் பெண்களுக்கான ஒற்றையர் ஆட்டங்கள் 1884இலும் தொடங்கின. இந்தியாவிலிருந்து சர்தார் நிகால் சிங் 1908ஆம் ஆண்டிலேயே அங்கு ஆடினார். இந்தியப் பெண் ஒருவர் அங்கு ஆடுவதற்கு மேலும் இருபத்தோரு ஆண்டுகள் ஆயின. ஆங்கிலோ இந்தியரான ஜெனி சாண்டிசன் 1929இல் பங்கேற்று, விம்பிள்டனில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார்.

அந்நாளில் விம்பிள்டனில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. வென்றவருக்கும் பரிசுத்தொகை கிடையாது. இந்திய வீரர்கள் கப்பலில் பல நாட்கள் பயணம் செய்து இங்கிலாந்தை அடைந்தனர். அங்கு மரமட்டைகளைக் கொண்டு புல்தரையில் ஆடினர். இத்தகைய பயணத்துக்கான செலவைத் தாங்கக்கூடிய குடும்பங்கள் மிகச் சிலவே. அவற்றுள்ளும் பெண்ணை வெளிநாட்டுக்கு ஆட அனுப்பும் மனம் உடையவை இன்னும் சில.

விளையாட்டு வாழ்க்கை

லீலா ராவ் அகில இந்தியப் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை முதன்முதலாக 1931இல் வென்றார். 1934ஆம் ஆண்டு விம்பிள்டனில் பெண்கள் ஒற்றையர் முதல் சுற்றில் இங்கிலாந்தின் கிளாடிசு சவுத்வெல்லை எதிர்கொண்டார். மூன்று செட்கள் வரை நீடித்த இந்த ஆட்டத்தில் லீலா வெற்றி பெற்றார். இரண்டாம் சுற்றில் பிரான்சைச் சேர்ந்த ஐடா ஆதமாஃபிடம் தோல்வியடைந்தார். அவ்வாண்டு ஒற்றையர் பட்டங்கள் இரண்டையும் இங்கிலாந்து நாட்டினரே வென்றனர். ஆண்கள் பிரிவில் பிரெட் பெரியும், பெண்கள் பிரிவில் டோரதி ரவுண்டும் வாகை சூடினர்.

அடுத்த ஆண்டும் லீலா விம்பிள்டனில் கலந்துகொண்டார். ஆனால் முதல் சுற்றிலேயே எவலின் டியர்மனிடம் தோற்றார்.

உள்நாட்டில் இவரது ஆதிக்கம் நீண்டகாலம் தொடர்ந்தது. 1931 முதல் 1943 வரையிலான காலப்பகுதியில் ஏழு முறை அகில இந்தியப் பட்டத்தை வென்றார். இரண்டாம் உலகப் போர் காரணமாக 1940 முதல் 1945 வரை விம்பிள்டன் போட்டிகள் நடைபெறவில்லை. இதனால் உள்நாட்டில் பட்டம் வென்றுவந்த அந்த ஆண்டுகளில் இவர் விம்பிள்டனில் ஆடுவதற்கு வழியே இல்லாமல் போனது.

எழுத்துப்பணி

லீலா ராவ் நாட்டியக் கலையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பரதநாட்டியத்தின் அசைவுகளை விளக்கும் நிருத்த மஞ்சரி என்னும் இவரது நூல் 1948இல் வெளியானது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாசேத்திரத்தைத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சதிர் என்று வழங்கிய தமிழகத்தின் ஆடற்கலை, பரதநாட்டியம் என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்டுவந்த சூழலில் இந்நூல் எழுதப்பட்டது. மணிப்புரி நடனம் குறித்தும் இவர் நூல் எழுதியுள்ளார். மேலும், தம் தாயார் எழுதிய சமசுகிருதக் கதைகளை அம்மொழியிலேயே நாடகங்களாக ஆக்கினார்.

இல்லற வாழ்க்கை

இவரது கணவர் அரீசுவர் தயாள் இந்தியக் குடிமைப் பணி அதிகாரி. நாடு விடுதலை பெற்றபின் சிக்கிமில் இந்திய அரசின் அரசியல் அதிகாரியாகவும், 1960களின் தொடக்கத்தில் நேபாளத்துக்கான இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். தூதராக இருந்தபோதே, 1964இல் எவரெசுட்டு சிகரத்தை அடுத்த கும்பு மலைப்பகுதியில் பயணம் மேற்கொண்டிருந்த வேளையில் காலமானார்.

வரலாற்றில் இடம்

கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், 1998ஆம் ஆண்டு ஆத்திரேலிய ஓப்பன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிட்சிகினியை வென்றார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் என்று இவர் பல இடங்களில் குறிப்பிடப்படுகிறார். இது 1968இல் தொடங்கிய ஓப்பன் காலத்துக்கு மட்டுமே பொருந்தும். அவ்வாண்டில்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் அனுமதிக்கப்பட்டனர். புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் அவ்வாண்டிலிருந்தே தொகுக்கப்படுவதால், அதற்கு முற்பட்ட வெற்றிகள் கணக்கில் வராமல் போகின்றன. லீலா ராவின் வெற்றி நிருபமாவின் வெற்றிக்கு 64 ஆண்டுகள் முற்பட்டது.

எனவே 1929இல் முதலில் ஆடியவர் ஜெனி சாண்டிசன், 1934இல் முதலில் வென்றவர் லீலா ராவ், ஓப்பன் காலத்தில் முதலில் வென்றவர் நிருபமா வைத்தியநாதன் என்று பிரித்துக் குறிப்பிடுவதே சரியாகும். மூவருடைய சிறப்பும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. இந்த வரிசையில் பின்னர் வந்த சானியா மிர்சா, 2015இல் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிசுடன் இணைந்து விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். லீலா ராவ் அங்கு முதல் ஆட்டத்தை வென்று அப்போது 81 ஆண்டுகள் ஆகியிருந்தன.