மைக் ஏன் ‘கொய்ங்’ என்று அலறுகிறது? ஒலிபெருக்கியைக் கூரை மேல் ஏற்றிய பீட்டர் ஜென்சனின் கதை

ரயில் நிலையத்திலோ கல்யாண மண்டபத்திலோ யாராவது மைக்கைப் பிடித்ததும் ‘கொய்ங்’ என்று காதைக் கிழிக்கும் ஒரு சத்தம் கேட்டிருப்பீங்க. மைக்செட்காரர் ஓடிவந்து வால்யூமைக் குறைத்தால்தான் அது அடங்கும்.

100 ஆண்டுகளுக்கு முன்பு, ஒலிபெருக்கி பிறந்த காலத்திலேயே இந்தத் தொல்லையும் கூடவே வந்துவிட்டது. அதைச் சமாளித்தவர்களில் ஒருவர் பீட்டர் ஜென்சன்.

யார் இவர்?

டென்மார்க்கின் ஃபால்ஸ்டர் தீவில் 1886-ல் பிறந்தவர் ஜென்சன். வானொலி முன்னோடியான வால்டமர் பவுல்சனின் ஆய்வகத்தில் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். பவுல்சனின் கருவிகளை அங்கே நிறுவ உதவுவதற்காக 1909-ல் அமெரிக்கா போனார்.

அங்கே எட்வின் பிரிதம் என்ற பொறியாளர் நண்பரானார். இருவரும் கலிஃபோர்னியாவின் நாபா என்ற சிற்றூரில் ஒரு வீட்டையே ஆய்வகமாக மாற்றினார்கள். முதலில் செய்தது, தொலைபேசியில் காதில் வைத்துக் கேட்கும் ரிசீவர். ஆனால் அதை வாங்க ஆள் இல்லை. கையில் இருந்த பணமும் கரைந்துகொண்டிருந்தது.

சரி, இதையே பெரிதாக்கிப் பார்ப்போமே என்று அதில் கிராமபோன் குழாயைப் பொருத்தி, மைக்கோடு இணைத்தார்கள். வந்ததோ பேச்சு இல்லை, பயங்கரமான ஊளைச் சத்தம்!

ஏன் அலறுது?

மைக்கில் போகும் சத்தம் பெரிதாகி ஸ்பீக்கரில் வருகிறது. ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தால் அதே சத்தம் திரும்பவும் மைக்குக்குள் நுழைகிறது. மறுபடி பெரிதாகி வெளியே வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போய், ஏதோ ஒரு சுருதியில் அலறலாக நின்றுவிடுகிறது.

ஜென்சனும் பிரிதமும் கண்ட தீர்வு எளிமையானது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, நீண்ட ஒயர் இழுத்துக் குழாயைக் கூரை மேல் ஏற்றினார்கள். ஊளை நின்றது. பேச்சு சுமார் ஒரு மைல் தூரம் வரை கேட்டதாகச் சொல்லப்படுகிறது.

1915 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் மக்கள் முன் இதை இயக்கிக் காட்டினார்கள். கருவிக்கு மேக்னவாக்ஸ் என்று பெயர். லத்தீனில் ‘பெரும் குரல்’ என்று அர்த்தம். பின்னாளில் அதுவே நிறுவனத்தின் பெயரும் ஆனது.

கண்ணாடிக்குள் நின்ற அதிபர்

பெரிய சோதனை 1919 செப்டம்பர் 19-ல் வந்தது. சான் டியேகோ மைதானத்தில் சுமார் 50,000 பேர். பேச வந்தவர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன். உலக நாடுகள் சங்கத்துக்கு ஆதரவு கேட்டு ஊர் ஊராகப் பேசிக் களைத்துப் போயிருந்தார். கத்திப் பேசும் தெம்பு அவரிடம் இல்லை. கருவி ஊளையிட்டால் கூட்டமே வீண்.

அவரைக் கண்ணாடித் தடுப்புக்குள் நிற்கவைத்து, குழாய்களை வெளியே கூட்டத்தை நோக்கித் திருப்பினார்கள். குரல் போய்ச் சேர்ந்தது. ஆனால் 6 நாட்கள் கழித்து அதிபரின் உடல்நிலை மோசமாகி, பயணம் பாதியில் நின்றது. அக்டோபரில் அவரைப் பக்கவாதம் தாக்கியது.

இன்றைக்கும் அதே வழிதான்

- மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால், வால்யூமைக் குறைத்தே பேசலாம்.
- ஸ்பீக்கர் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும்.
- பேசாத மைக்கை அணைத்துவிட வேண்டும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால், ஊளை இல்லாமல் வைக்கக்கூடிய ஒலி அளவு 3 டெசிபல் குறையும்.
- நிலையம், மருத்துவமனை போன்ற இடங்களில், அறிவிப்பாளர் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கரை மட்டும் பேசும்போது அணைக்கலாம். அறிவிப்பைப் பதிவுசெய்து சில நொடிகள் கழித்து ஒலிபரப்பினால் பிரச்சனையே இல்லை.

1961-ல் ஜென்சன் மறைந்தார். அவர் பெயரில் வந்த ஸ்பீக்கர்களை கிதார் கலைஞர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். அடுத்த முறை மைக் அலறினால் வால்யூமைத் திட்டாதீங்க. முதல்ல ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாருங்க.