‘சி’ மொழி தந்த டென்னிஸ் ரிச்சி

முன்னுரை

நம் நாஞ்சில் நாட்டில் பிறந்த எவரும் வயலையும் வரப்பையும் அறிவர். ஒரு வயலின் நீர் அடுத்த வயலுக்குள் புகாதபடி உழவர் இட்டு வைத்த எல்லையே வரப்பு. மடையைத் திறந்துவிட்டு, வயல் எவ்வளவு நீர் கொள்ளும் என்று பாராமல் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? நீர் வரப்பின் மேல் ஏறி, அடுத்தவர் நாற்றங்காலில் பாவிய விதையை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். திறந்தவருக்கு அது தெரியவே தெரியாது.

கணினியின் நினைவகமும் இப்படிப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்ட நிலந்தான். அந்த நிலத்தில் உழுது பயிரிட உலகுக்கு ஒரு நல்ல கலப்பையைச் செய்து கொடுத்தவர் டென்னிஸ் ரிச்சி. அவர் வாழ்க்கையையும், அவர் விட்டுச் சென்ற வேலையில் இன்றும் நடந்து வரும் ஒரு திருத்தத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

டென்னிஸ் ரிச்சி 1941-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்திலுள்ள பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிச்சி, தொலைபேசித் துறையில் புகழ்பெற்ற பெல் ஆய்வுக் கூடத்தில் அறிஞராகப் பணியாற்றினார். தாயார் பெயர் ஜீன். குடும்பம் நியூஜெர்சி மாநிலத்தின் சம்மிட் நகரில் வாழ்ந்தது. ரிச்சி அந்நகரப் பள்ளியிலேயே படித்துத் தேறினார்.

பின்னர் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் இயற்பியல் பயின்று 1963-இல் பட்டம் பெற்றார். அங்கே மாணவராக இருந்தபோது கணினி எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றிய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டார். அன்று முதல் அவர் மனம் கணினியின் பக்கம் திரும்பியது. மேற்படிப்பில் கணிதத்தை எடுத்துக்கொண்டு 1968-இல் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வுரையை எழுதி முடித்தார். ஆனால் கட்டடம் செய்த படியைப் பல்கலைக் கழகத்தில் ஒப்படைக்கவில்லை. அதனால் அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை! பட்டத்துக்காக ஏங்கும் நமக்கு இது வியப்பைத் தருகிறது அல்லவா?

யூனிக்ஸ் பிறந்த கதை

1967-ஆம் ஆண்டு, தந்தை பணிபுரிந்த பெல் ஆய்வுக் கூடத்திலேயே ரிச்சியும் சேர்ந்தார். அப்போது மல்டிக்ஸ் என்ற மிகப் பெரிய இயங்குதளம் ஒன்றைச் செய்யும் கூட்டு முயற்சி நடந்துகொண்டிருந்தது. இயங்குதளம் என்பது கணினியின் எல்லா உறுப்புகளையும் மேய்த்து நடத்தும் தலைமை நிரல். வேலை நீண்டுகொண்டே போனதால் 1969-இல் பெல் ஆய்வுக் கூடம் அம்முயற்சியிலிருந்து விலகியது.

ரிச்சியின் நண்பர் கென் தாம்சன் சோர்ந்துவிடவில்லை. அவ்வளவாகப் பயன்படாமல் கிடந்த ‘பிடிபி-7’ என்னும் சிறு கணினி ஒன்றைக் கண்டுபிடித்து, அதில் சின்னஞ்சிறு இயங்குதளம் ஒன்றை எழுதத் தொடங்கினார். ரிச்சி தோள் கொடுத்தார். அதுவே யூனிக்ஸ் எனப் பெயர் பெற்றது. அடுத்து அவர்களுக்குப் புதுக் கணினி ஒன்று தேவைப்பட்டது. ஆவணங்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் முறையைச் செய்து தருகிறோம் என்று சொல்லி ‘பிடிபி-11’ கணினியைப் பெற்றார்கள். 1971-இல் அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் இருந்த தட்டச்சர்களே யூனிக்ஸைப் பயன்படுத்திய முதல் வெளியாட்கள் ஆயினர்.

அந்தக் கணினியின் நினைவகம் வெறும் 24 ஆயிரம் எழுத்துகள் கொள்ளும் அளவே. இன்று நம் வீட்டுக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. ஒவ்வோர் எழுத்தின் இடமும் அவர்களுக்குப் பொன்னாக இருந்தது. இதைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் செய்திக்கு இது தேவைப்படும்.

‘சி’ மொழி

தாம்சன் முதலில் ‘பி’ என்ற மொழியை உருவாக்கியிருந்தார். ரிச்சி அதைச் செப்பனிட்டு, புதிய வசதிகள் சேர்த்து, 1971 முதல் 1973 வரையுள்ள ஆண்டுகளில் ‘சி’ மொழியாக வளர்த்தெடுத்தார். 1972-இல் தாம்சன் யூனிக்ஸின் கருவை ‘சி’ மொழியில் எழுத முயன்று, முடியாமல் கைவிட்டார். பலவகைத் தரவுகளை ஒரே கட்டாகச் சேர்த்து வைக்கும் வசதி மொழியில் அப்போது இல்லை. ரிச்சி அந்த வசதியைச் சேர்த்துக் கொடுத்தார். 1973 கோடைக்காலத்தில் வேலை வெற்றி பெற்றது. அதன் பின் யூனிக்ஸை ஒரு கணினியிலிருந்து வேறு வகைக் கணினிக்குக் கொண்டு செல்வது எளிதாயிற்று.

1978-இல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து ரிச்சி எழுதிய ‘சி’ மொழிப் பாடநூல் உலகெங்கும் பரவியது. 1983-இல் கணினித் துறையின் மிக உயர்ந்த டியூரிங் விருது ரிச்சிக்கும் தாம்சனுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

எல்லை கேளாத செயற்கூறு

பெயர், ஊர் முதலிய எழுத்துத் தொடரைக் கணினியார் சரம் என்பர். ஒரு சரம் எங்கே முடிகிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இரண்டு வழிகள் உண்டு. எத்தனை எழுத்து என்ற எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே எழுதி வைப்பது ஒன்று. முடிவில் ஓர் அடையாளம் வைப்பது மற்றொன்று. முந்தைய மொழியொன்றில் முதல் முறை இருந்தது. எண்ணிக்கைக்கு ஒதுக்கிய சிறிய இடம் சரத்தின் நீளத்தையே கட்டுப்படுத்திவிடும். எண்ணிக்கையைக் காத்து வருவதும் தொல்லை. ஆகவே தாம்சன் ‘பி’ மொழியில் இரண்டாம் முறையை எடுத்தார். ரிச்சியும் அதையே தொடர்ந்தார். ‘சி’ மொழியில் அந்த முடிவு அடையாளம் சுழியம்.

ஒரு சரத்தை வேறிடத்தில் படியெடுக்க ‘ஸ்டர்காப்பி’ என்னும் செயற்கூறு உண்டு. சுழியம் வரும்வரை ஒவ்வோர் எழுத்தாக எடுத்து வைத்துக்கொண்டே போவதுதான் அதன் வேலை. எவ்வளவு அழகு, எவ்வளவு சுருக்கம்! ரிச்சியின் பாடநூலிலேயே அது ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் வைக்கும் இடம் எவ்வளவு கொள்ளும் என்று அது கேட்பதில்லை. மடையைத் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனவர் கதைதான். இருபது எழுத்துக்கு ஒதுக்கிய பாத்தியில் முப்பது எழுத்து வந்தால் மிச்சம் பக்கத்துப் பாத்தியை அழித்துவிடும்.

நண்பர்கள் சிலரே கூடிப் பயன்படுத்திய காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. கணினிகள் வலையாக இணைந்த பின்தான் வினை வந்தது. 1988 நவம்பர் 2-ஆம் நாள் கார்னெல் பல்கலைக் கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் விட்ட ‘புழு’ என்ற நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளுள் ஒன்று, 512 எழுத்துக்கு மட்டும் இடம் வைத்திருந்த ஒரு நிரல். வந்ததை எல்லாம் அளவு பாராமல் வாங்கிக்கொள்ளும் ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறு அதில் இருந்தது. அம்மாணவரின் தந்தை, பெல் ஆய்வுக் கூடத்தில் யூனிக்ஸ் பணியில் ரிச்சியுடன் இருந்தவர் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

ரிச்சி இதைக் கண்டும் காணாமல் இருந்தவர் அல்லர். 1990-இல், நினைவகத்தைச் சுட்டும் குறி தன் எல்லையின் அளவையும் தன்னுடனே சுமந்து செல்லும்படி ‘சி’ மொழியை மாற்றலாம் என்று ஒரு திட்டத்தை அவரே முன்வைத்தார். அந்த வடிவில் அது ஏற்கப்படவில்லை.

திருத்தும் பணி

விசைப்பலகை, அச்சுப்பொறி போன்ற ஒவ்வொரு கருவியையும் இயக்க, இயங்குதளத்துக்குள் ‘டிரைவர்’ என்னும் இயக்கி நிரல் இருக்கிறது. சாதாரண நிரலில் தவறு நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். பெரும்பாலான டிரைவர்களோ இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே இருந்து முழு அதிகாரத்துடன் வேலை செய்பவை. அங்கே வரப்பு உடைந்தால் கணினி முழுதும் விழும். அல்லது திருடனுக்குக் கதவு திறக்கும்.

ஆகவே பழைய செயற்கூறுகளை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை தொடங்கியது. ‘ஸ்டர்என்காப்பி’ என்பது அளவைக் கேட்கும். ஆனால் இடம் நிறைந்துவிட்டால் முடிவு அடையாளத்தை வைக்காது. ஏனெனில் அது பழைய யூனிக்ஸில் 14 எழுத்துக் கோப்புப் பெயர் போன்ற நிலையான கட்டங்களை நிரப்புவதற்காக வந்தது. 1998-இல் ஓப்பன் பிஎஸ்டி இயங்குதளத்தார் ‘ஸ்டர்எல்காப்பி’யைக் கொண்டு வந்தனர். அது முடிவு அடையாளத்தைத் தவறாமல் வைக்கும். ஆயினும் மூலச் சரம் எவ்வளவு நீளம் என்று சொல்வதற்காக அதை முழுதும் படித்துப் பார்க்கும். மூலத்தில் அடையாளம் இல்லையென்றால் அதுவும் எல்லை தாண்டி ஓடும். 2015-இல் லினக்ஸில் ‘ஸ்டர்எஸ்காப்பி’ வந்தது. அது அளவுக்குள் நிற்கும். முடிவு அடையாளம் வைக்கும். இடம் போதாமல் எழுத்து விடுபட்டால் விடுபட்டது என்று அறிவித்தும் விடும். லினக்ஸின் டிரைவர்களில் ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றி, 2024-இல் ‘ஸ்டர்எல்காப்பி’யைக் கருவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

விடுபட்டதை அறிவிப்பது அவ்வளவு முக்கியமா என்று தோழியர் கேட்கலாம். எனக்கு அது வீட்டிலேயே தெரிந்தது. என் பாட்டியின் பெயர் நீளமானது. ஓர் அலுவலகத்தில் அதைக் கணினியில் ஏற்றியபோது கடைசி நான்கு எழுத்துகள் கட்டத்துக்குள் அடங்காமல் விடுபட்டன. கணினி எதுவும் சொல்லவில்லை. தட்டச்சு செய்தவரும் கவனிக்கவில்லை. இரண்டு தாள்களில் இரண்டு பெயர் என்று சொல்லி, பாட்டிக்கு வர வேண்டிய உதவித் தொகை எட்டு மாதம் நின்று போயிற்று. முழங்கால் வலியோடு பாட்டி நான்கு முறை பேருந்து ஏறினார்கள். நான் துணைக்குப் போனேன். நிரம்பி வழிவது ஒரு தீங்கு என்றால், ஓசையின்றி வெட்டிவிடுவதும் தீங்குதான் என்று அன்று அறிந்தேன்.

இறுதி நாட்கள்

ரிச்சி அமைதியானவர், மேடையையும் விளம்பரத்தையும் நாடாதவர். 2007-இல் ஓய்வு பெற்றார். 2011-இல் ஜப்பான் பரிசு அவருக்கும் தாம்சனுக்கும் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், நியூஜெர்சியில் தனியாக வாழ்ந்து வந்த வீட்டில் அவர் இறந்து கிடக்கக் கண்டனர். வயது 70. ஒரு வாரம் முன்பு ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்தபோது உலகமே பேசியது. ரிச்சியின் மறைவோ பலருக்குத் தெரியாமலே போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த ‘சி’ மொழியின் புதிய தரநூலிலிருந்து ‘கெட்ஸ்’ நீக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

முடிவுரை

ரிச்சி தவறு செய்தாரா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி இரண்டு கட்சியாகப் பேசினோம். 24 ஆயிரம் எழுத்தே கொள்ளும் நினைவகத்தில் ஒவ்வோர் இடத்தையும் மிச்சம் பிடிக்க வேண்டிய காலத்தில் அவர் செய்தது முறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காலம் மாறிய பின்னும் பழையபடியே விட்டு வைப்பதுதான் தவறு. முன்னோர் வெட்டிய வாய்க்காலில் கரை சரிந்த இடத்தை நாம் கட்டினால் அது முன்னோரைப் பழிப்பது ஆகாது. அந்த வாய்க்கால் நமக்கு வேண்டும் என்பதற்கே அது சான்று.

தோழியரே! நம்மில் சிலராவது நாளை நிரல் எழுதப் போகிறோம். அன்று இரண்டு கேள்விகளை மறவாதிருப்போம். இந்த இடம் எவ்வளவு கொள்ளும்? கொள்ளாமல் போனால் யாரிடம் சொல்வது? ஏதோ ஓர் ஊரில் நீளமான பெயருடைய ஒரு பாட்டி பேருந்துக்காகக் காத்து நிற்காமல் இருக்க, இந்த இரண்டு கேள்விகளும் உதவும்.

— ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு